எழுத்தைத் தொடாத புழு

புத்தகம் மேஜை மேல் இருந்தது. அதன் அட்டையைக் காணவில்லை. மேஜைக்குக் கீழே, அந்தப் புத்தகத்தைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த பெண் குப்புறக் கிடந்தாள்.

பின்தலையில் மூன்று அடி. முதல் அடியிலேயே உயிர் போயிருக்க வேண்டும். மற்ற இரண்டும் அடித்தவனுடைய பயத்துக்கு. ஆயுதம் பக்கத்திலேயே உருண்டு கிடந்தது. பழைய ஏடுகள் சுருளாமல் இருக்க மேலே வைக்கும் ஈயக் கட்டி, முரட்டுத் துணி சுற்றித் தைத்தது. அந்தத் துணியில் வெள்ளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"பன்னிரண்டே முக்காலுக்கு எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க. ஒண்ணேகாலுக்குக் காவலாளி வந்து பார்த்திருக்கார். நடுவுல முடிச்சிருக்காங்க, அண்ணி," என்றார் இன்ஸ்பெக்டர்.

இன்ஸ்பெக்டருக்கு அவள் எந்த வகையிலும் அண்ணி இல்லை. பதினெட்டு வருஷம் பெண்கள் சிறையில் வார்டராக இருந்தவள், வேலையை உதறிவிட்டு ஒரு சலவைக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். உதவிக்குச் சேர்ந்தவன் கணவனின் தம்பி. அவன் நிமிஷத்துக்கு மூன்று முறை 'அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வழக்கு கொண்டுவருகிறவர், போலீஸ், அடிக்க வருகிறவன் எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

அந்தத் தம்பி முன்னாள் பஸ் கண்டக்டர். வேலை போனாலும் பட்டப்பெயர் போகவில்லை. டிக்கெட்.

டிக்கெட் பிணத்தைப் பார்க்காமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பயந்தால் அவனுக்கு வாய் கூடும்.

"வாழைப்பழத்தை விட்டுட்டுத் தோலை மட்டும் திருடியிருக்கான் அண்ணி. புத்திசாலித் திருடன்னா எங்க போவான்னு யோசிச்சுப் பிடிச்சிடலாம். இவனை எப்படிப் பிடிக்கறது?"

அண்ணி பிணத்தருகே குனிந்தாள். இறந்தவளுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். விரல் நுனிகளில் காய்ந்த பசை. வெளியே தார் ரோடு உருகும் வெயில். ஆனால் அவள் உடம்பில் முழுக்கை ஸ்வெட்டர், கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தாள்.

"காய்ச்சலா இருந்திருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணி இறந்தவளின் கைப்பையைத் திறந்தாள். மாத்திரை எதுவும் இல்லை. எழுந்து மேஜைக்கு வந்தாள். அட்டை உரிந்த புத்தகத்தின் முதுகு அவள் பக்கம் திரும்பியிருந்தது. தடித்த நூல் தையல். அதன் மேல் பழைய பசையின் கோடுகள். அந்தத் தையல் மேலும் பசை மேலும் மழைச்சாரல் அடித்த மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பியவர் அந்தப் பழம்புத்தகக் காப்பகத்தின் இயக்குநர். கழுத்துப்பட்டையைத் தளர்த்தியபடி வாசலிலேயே நின்றார்.

"இது ஒரு கப்பல் வைத்தியரோட நாட்குறிப்பு மேடம். இருநூத்தி நாப்பது வருஷத்துக்கு முந்தினது. கப்பல்ல கொள்ளைநோய் வந்து துறைமுகத்துக்குள்ள விடாம நிறுத்திட்டாங்க. யார் யார் எப்ப செத்தாங்கன்னு ஒருநாள் விடாம எழுதியிருக்கார். உலகத்துலயே இந்த ஒரு பிரதிதான். இன்னிக்கு அஞ்சு மணிக்கு வாங்கறதுக்கு ஒப்பந்தம். விட்டா வேற நாட்டு மியூசியம் கொண்டு போயிடும்."

"விக்கறது யாரு?"

"பழம்புத்தக வியாபாரி ஒருத்தர். அவர்தான் கொலையும் பண்ணியிருக்கார். பார்த்த சாட்சி இருக்கு."

சாட்சி அடுத்த அறையில் இருந்தார். பெட்டக அறைக் காப்பாளர். விலைமதிப்பற்ற பழைய ஏடுகள் இருக்கும் இரும்பு அறைக்கு இருபது வருஷமாகச் சாவி அவரிடம்தான். நாற்பது வயது, தடித்த கண்ணாடி. தலையைச் சுற்றிக் கட்டு. யாரோ கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"செத்தது எங்க அண்ணிங்க," என்றார். "எங்க அண்ணன் பெண்டாட்டி. எனக்கு இந்தக் கையால எத்தனை வருஷம் சோறு போட்டிருக்காங்க..."

டிக்கெட் ஜன்னல் பக்கம் திரும்பி வெயிலைப் பார்த்தான்.

"என்ன பார்த்தீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"சாப்பிடக் கூப்பிடலாம்னு வந்தேன். உள்ளே அந்த வியாபாரி. அண்ணி கீழே விழுந்து கிடக்காங்க. அவன் கட்டியால அடிச்சிட்டே இருக்கான். என்னைப் பார்த்ததும், 'வாயைத் திறந்தே, உனக்கும் இதுதான்'னு கத்தினான். அப்புறம் எனக்கும் ஒண்ணு விழுந்துது. மயக்கம் வர்றதுக்கு முன்னாடி பார்த்தேன். புத்தகத்தோட அட்டையைப் பிய்ச்சு எடுத்துட்டு ஓடினான்."

"முதல்ல அடிச்சான். அப்புறம் பிய்ச்சான்."

"ஆமாங்க."

"உங்க அண்ணனுக்குச் சொல்லியாச்சா?"

"சரக்கு ரயில் ஓட்டறார். வெளியூர்ல இருக்கார். விபத்துன்னு மட்டும் சொல்லியிருக்காங்க. வந்துட்டிருக்கார்." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "அவன் இந்நேரம் ஊரைத் தாண்டியிருப்பான். சீக்கிரம் போங்க."

இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே வியாபாரியின் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார். அண்ணி மறுபடி மேஜைக்கு வந்து, கையுறை மாட்டிக்கொண்டு, நாட்குறிப்பை ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பழுத்த காகிதம். பக்கத்துக்குப் பக்கம் குண்டூசித் தலையளவு ஓட்டைகள்.

"புத்தகப் புழு," என்றார் இயக்குநர். அந்தத் துக்கத்திலும் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "வயசுக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்."

டிக்கெட் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "ரொம்பப் படிச்ச புழு போலிருக்கு சார். காகிதத்தை மட்டும் தின்னுட்டு எழுத்தையெல்லாம் மரியாதையா விட்டிருக்கு. இத்தனை பக்கத்துல ஒரு கொம்பு போகலை, ஒரு கால் போகலை. எங்க பள்ளிக்கூடத்துல இப்படி ஒரு புழு இருந்திருந்தா நானும் பாஸ் பண்ணியிருப்பேன்."

அண்ணியின் கை நின்றது.

பிறகு வேகமாகப் புரட்டினாள். பத்து, இருபது, ஐம்பது தாள். ஒரு வரியில் 'காய்ச்சல்' என்ற சொல் பாதியில் நின்று, ஓட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் தொடர்ந்தது. இன்னொரு பக்கத்தில் வரியே ஓட்டையைச் சுற்றிக்கொண்டு லேசாக வளைந்தது.

"சார், இதை எழுதறப்பவே ஓட்டை இருந்திருக்கு," என்றாள்.

"அது எப்படி? அவர் எழுதும்போது புதுக் காகிதம் ஆச்சே..." இயக்குநர் சொல்ல ஆரம்பித்து, தான் சொன்னதையே கேட்டு நின்றுவிட்டார்.

"ஓட்டையைப் பார்த்துப் பார்த்து, அதுல பேனா இறங்காம எழுதியிருக்காங்க. காகிதம் பழசு. எழுத்து புதுசு. கப்பலும் இல்லை, வைத்தியரும் இல்லை."

இயக்குநர் நாற்காலியைத் தேடினார்.

"அந்தப் பொண்ணும் இதைக் கண்டுபிடிச்சிருக்கணும். அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போடாதீங்க. நாங்க திரும்பி வர்றவரைக்கும் இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க ஆளுங்க உட்பட."

கீழ்த்தளத்துக்கு வழிகாட்டும் அறிவிப்புப் பலகையைத் தாண்டும்போது டிக்கெட் கேட்டான். "எழுதாத பழைய காகிதம் இவ்வளவு எங்க கிடைக்கும் அண்ணி?"

"தெரியலை. அட்டைக்குத் தெரிஞ்சிருக்கும். இல்லேன்னா அதுக்காக ஒருத்தன் ஏன் கொல்லணும்?"

*

வியாபாரியின் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. டிக்கெட் குனிந்து நுழைந்தான். தரையிலிருந்து கூரைவரை புத்தகம். நடுவில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி. அந்த இடைவெளியை முழுசாக அடைத்துக்கொண்டு வியாபாரி நின்றான். கையில் ஒரு பெட்டி. கிளம்புகிற அவசரம்.

"எந்த ஊருக்கு டிக்கெட் வேணும்?" என்றான் டிக்கெட்.

வியாபாரி பெட்டியை அவன் முகத்தில் எறிந்தான். டிக்கெட் பின்னால் சாய, ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பி சுவரிலிருந்து வியாபாரியின் கைக்கு வந்தது. முதல் வீச்சில் ஓர் அலமாரி சரிந்தது. இரண்டாவது வீச்சு டிக்கெட்டின் தோள்பட்டையில் இறங்கியது. அவன் "அம்மா" என்று உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாவது வீச்சு இறங்கவில்லை. அண்ணி சரிந்த அலமாரியைத் தாண்டிப் பின்னால் போய், வியாபாரியின் முழங்காலுக்குப் பின்புறம் செருப்புக் காலால் ஓங்கி உதைத்தாள். சிறையில் ஆறடிப் பெண்களை அடக்கிய உதை. அவன் மண்டியிட்டான். டிக்கெட் வலியோடு எழுந்து, நல்ல கையால் அவன் தாடையில் ஒன்று விட்டான்.

வியாபாரி அலறிய அலறல் ஓர் அடிக்குப் பொருந்தாத அலறல். வாயைப் பொத்திக்கொண்டு சுருண்டான். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. வாயிலிருந்து ரத்தத்தில் ஊறிய பஞ்சு உருண்டை ஒன்று தரையில் விழுந்தது.

டிக்கெட் தன் முஷ்டியைத் திருப்பிப் பார்த்தான். "நான் அவ்வளவு பலமா அடிக்கலையே அண்ணி."

அண்ணி பஞ்சைப் பார்த்தாள். பிறகு வியாபாரியின் முகத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இடது கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. உதடு ஒரு பக்கம் செத்துத் தொங்கியது.

"பல் பிடுங்கினீங்களா?"

தலையாட்டினான். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். பல் மருத்துவமனையின் சீட்டு. கடைவாய்ப்பல் இரண்டு. உள்ளே போனது பன்னிரண்டு இருபது. வெளியே வந்தது ஒன்று முப்பது.

"அப்ப எங்களை ஏன் அடிச்சீங்க?"

வியாபாரி கல்லாப் பக்கம் கிடந்த காகிதத்தில் எழுதினான். 'நான் கொன்றுவிட்டதாக வீட்டிலிருந்து போன் வந்தது. போலீஸ் வந்திருக்கிறது. யார் என்னை நம்புவார்கள்?'

"நாட்குறிப்பு உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு?"

'ஒரு வாரிசு தபாலில் அனுப்பினார். எல்லாம் கடிதத்தில்தான். நேரில் பார்த்ததே இல்லை. அசல் என்று நம்பினேன்.'

"வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்க. எது வேணும்னாலும்."

வியாபாரி முயன்றான். "வ்வ்... ஃபா..." எச்சிலும் ரத்தமும்தான் வந்தன.

டிக்கெட் தோளைப் பிடித்தபடி மெல்ல நிமிர்ந்தான். "'வாயைத் திறந்தே, உனக்கும் இதுதான்'னு இவரா கத்தினார்? இவரால தன் வாயையே திறக்க முடியலையே."

"அந்த நேரத்துல இவரு நாற்காலில வாயைப் பிளந்துட்டு உட்கார்ந்திருந்தார்," என்றாள் அண்ணி. "வண்டியை எடு."

*

ஸ்கூட்டரை அண்ணிதான் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்த டிக்கெட் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முனகினான்.

"காப்பாளர் பொய் சொல்றார். தலைல காயம்கூடத் தானே பண்ணிக்கிட்டதுதான். சரி. ஆனா அட்டை?"

"அட்டையை அவர் எடுக்கலை. புத்தகத்து முதுகுல ரத்தம் தெறிச்சிருந்துச்சு, பார்த்தியா? தையல் மேல, பசை மேல. அடி விழறப்ப அட்டை இருந்திருந்தா ரத்தம் அட்டை மேலதானே தெறிக்கும்?"

டிக்கெட் யோசித்தான். "அப்ப அடி விழறதுக்கு முன்னாடியே அட்டையைக் கழட்டியாச்சு."

"அவளே கழட்டியிருக்கா. எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கா. அவருக்கு அது எங்கேன்னு தெரியலை. வியாபாரி எடுத்துட்டு ஓடிட்டான்னு சொன்னா போலீஸ் ஊரெல்லாம் தேடும், கட்டடத்துக்குள்ள தேடாது. இவர் நிதானமாத் தேடிக்கலாம்."

"நாம எங்க தேடறது?"

"இந்த வெயில்ல உனக்கு எப்ப ஸ்வெட்டர் போடத் தோணும்?"

"பைத்தியம் பிடிச்சா. இல்லே, ஐஸ் ஃபேக்டரிக்குள்ள போனா..." அவன் நிறுத்தினான். "ஏன் அண்ணி, கீழ்த்தளத்துல ஒரு போர்டு பார்த்தோமே?"

"'குளிர் அறை. கம்பளி உடை இல்லாமல் நுழையாதீர்கள்.' இன்ஸ்பெக்டருக்கு போன் போடு. கீழ்த்தளத்துக்கு வரச் சொல்லு."

*

பூச்சி பிடித்த புத்தகங்களைப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு வாரம் பனியில் வைத்தால் புழுவும் முட்டையும் செத்துப்போகும். அதற்கான அறை அது. பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. ஒரு சாண் கனத்தில் கதவு. உள்ளே இருபுறமும் இரும்புத் தட்டுகள். தட்டுகளில் நூற்றுக்கணக்கில் பைகள். ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு. எல்லாம் வெள்ளைச் சீட்டு.

அண்ணி மூச்சு விட்டதும் முகத்துக்கு முன்னால் வெண்புகை நின்றது. டிக்கெட்டின் பற்கள் தந்தியடித்தன.

"பொணத்தையே இங்க வெச்சிருக்கலாம் அண்ணி, கெட்டுப் போயிருக்காது."

"பேசாம தேடு. தட்டையா, புத்தகம் இல்லாத பை."

கடைசித் தட்டின் அடியில் அது இருந்தது. தோல் போர்த்திய இரண்டு அட்டைப் பலகைகள். ஒன்றின் உட்புறம் ஒட்டியிருந்த தாள் பாதி உரிக்கப்பட்டிருந்தது. உரிந்த இடத்தில், சாயம் மங்கிய வட்ட முத்திரை. இந்தக் காப்பகத்தின் முத்திரை. அதன் நடுவில் பெட்டக அறையின் எண். பையின் மேல் ஒட்டியிருந்த சீட்டு மட்டும் வெள்ளையாக இல்லை. சிவப்பு.

"இங்கேயே இருந்த புத்தகத்தோட அட்டை," என்றாள் அண்ணி. "காகிதமும் இங்கேயே இருந்ததுதான். பெட்டக அறைப் புத்தகங்கள்ல முன்னாடியும் பின்னாடியும் இருக்கற வெத்துத் தாளை வருஷக்கணக்கா அறுத்தெடுத்திருக்காங்க. காப்பகம் தன் காகிதத்தையே விலை கொடுத்து வாங்க இருந்துச்சு."

"கொடுங்க."

கதவில் காப்பாளன் நின்றான். அவர்கள் கீழே இறங்கியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்க வேண்டும். தலைக்கட்டு நழுவிக் காதில் தொங்கியது. கையில் புத்தக அட்டைக்குத் தோல் சீவும் கத்தி. உள்ளங்கை அளவே நீளம், பிளேடு மாதிரி அகலம். அதன் கூர் விளக்கில் மின்னியது.

"பையைக் கீழே வெச்சிட்டு நகருங்க. உங்களை ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"உங்க அண்ணிகிட்டயும் இதைத்தான் சொன்னீங்களா?" என்றாள் அண்ணி.

அவன் முகம் கோணியது. "நான் திட்டம் போட்டுப் போகலை. கூப்பிட்டு விட்டாங்க. 'இது உன் கையெழுத்துடா, எழுத்தை எவ்வளவு மாத்தினாலும் எனக்குத் தெரியாதா'ன்னாங்க. 'அட்டை எங்கே'ன்னேன். 'என்கிட்ட பத்திரமா இருக்கு'ன்னாங்க. பத்திரமா! என் கழுத்துக்குக் கயிறைப் பத்திரமா வெச்சிருக்கேன்னு சிரிச்சிட்டே சொல்றாங்க. அப்படியே திரும்பி வேலையைப் பார்க்க உட்கார்ந்தாங்க. கட்டி கைக்கிட்ட இருந்துச்சு."

"எதுக்கு எழுதினீங்க?"

"இருபது வருஷம் பூட்டித் திறந்தேன். பெரிய பெரிய நிபுணருங்க வருவாங்க. என் முகத்தை ஒருத்தன் பார்க்க மாட்டான், நான் நீட்டற ஏட்டை மட்டும் கண்ல ஒத்திக்குவான். ரெண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினேன். அத்தனை பேரும் படிச்சு அழுதாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப் போறோம்னாங்க." அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். "கொடுங்க அதை."

டிக்கெட் குறுக்கே வந்தான். கத்தி குறுக்காகப் பறந்தது. அவன் முன்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை திறந்துகொண்டது. அந்தக் குளிரில் ரத்தம் ஆவி பறக்க வழிந்தது. அவன் கத்தவில்லை, காப்பாளனின் கழுத்தைப் பிடித்தான். இருவரும் இரும்புத் தட்டில் மோதினார்கள். தட்டு கவிழ்ந்தது. உறைந்து கல்லாகிப்போன புத்தகங்கள் செங்கல் மாதிரி அவர்கள் மேல் விழுந்தன.

கத்தி மறுபடி ஓங்கியது. அண்ணி கையில் கிடைத்த தடித்த தொகுதி ஒன்றைக் குறுக்கே நீட்டினாள். கத்தி அதன் அட்டையில் இறங்கிச் சிக்கியது. அவள் புத்தகத்தைத் திருகினாள். கத்தி அவன் கையை விட்டு வந்தது. அவன் தலையால் அவள் முகத்தில் முட்டினான். உதடு பிளந்து அவள் பின்னால் விழுந்தாள். பை அவள் கையிலிருந்து பறிபோனது.

காப்பாளன் வெளியே பாய்ந்து கதவை இழுத்தான்.

அந்தக் கதவு மூடினால் வெளியே கொக்கி விழும். கொக்கி விழுந்தால் ரத்தம் கொட்டும் டிக்கெட் கால் மணி நேரம் தாங்குவதே அதிகம். அண்ணி விழுந்த இடத்திலிருந்தே, கத்தி செருகிய தொகுதியைத் தரையோடு தள்ளிவிட்டாள். அது வழுக்கிக்கொண்டு போய்க் கதவிடுக்கில் மாட்டியது. கதவு அதைக் கடித்தது. மூடவில்லை. அவன் வெளியிலிருந்து முழு பலத்தோடு தள்ள, புத்தகத்தின் முதுகு நொறுங்கியது.

"டேய்!" என்றாள் அண்ணி. அவ்வளவுதான்.

டிக்கெட் எழுந்தான். அடிபட்ட தோளையே முன்னால் விட்டுக் கதவில் மோதினான். ஒரு முறை. இரண்டாம் முறை கதவு பறந்து திறந்தது. அதன் விளிம்பு காப்பாளனின் நெற்றியில் அறைந்தது. அவன் தடுமாறி ஓடப் பார்த்தான். குளிரிலிருந்து வெயில் காலத்துக் காற்றுக்குள் வந்த அவன் தடித்த கண்ணாடி, ஒரே நொடியில் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. நான்கு அடி குருடனாக ஓடி, புத்தகம் ஏற்றும் தள்ளுவண்டியில் வயிறு மோத மடங்கினான்.

டிக்கெட்டுக்குக் கண்ணாடி கிடையாது. அவனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி மூக்கில் ஒரு குத்து விட்டான். எலும்பு முறிந்த சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. இன்னொன்று. மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது அண்ணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்."

"சோறு போட்ட அண்ணியை அடிச்சிருக்கான், அண்ணி." அழுகிறானா நடுங்குகிறானா தெரியவில்லை.

"போதும்டா. உட்காரு. கையைக் காட்டு."

சேலைத் தலைப்பைக் கிழித்து அவன் முன்கையை இறுக்கிக் கட்டினாள். கட்டி முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு ஓடி வந்தார். காப்பாளனின் கைகளைப் பின்னால் முறுக்கி விலங்கு மாட்டினார்கள். சுவரோரம் உட்கார வைத்தார்கள். அவன் மடியெல்லாம் மூக்கு ரத்தம்.

அண்ணி தரையில் கிடந்த பையை எடுத்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சிவப்புச் சீட்டை முதல் முறையாக நிதானமாகப் படித்தாள்.

"வெள்ளைச் சீட்டுன்னா என்ன அர்த்தம்?" என்று காப்பாளனைக் கேட்டாள்.

"பூச்சி செத்ததும் திரும்ப அலமாரிக்குப் போகும்."

"சிவப்புச் சீட்டு?"

அவன் தலையைத் தூக்கினான். உடைந்த கண்ணாடி எங்கோ கிடந்தது. பையின் பக்கம் கண்ணைச் சுருக்கினான். "எரிக்கறதுக்கு. அதுல சிவப்பா ஒட்டியிருக்கு?"

"படிக்கறேன். 'பழைய அட்டை. பூச்சி அரித்தது. செப்பனிட முடியாது. உடனே எரிக்கவும்.' இன்னிக்குத் தேதி. பன்னிரண்டு முப்பது. உங்க அண்ணி கையெழுத்து." அண்ணி சீட்டின் அடியில் விரல் வைத்தாள். "இன்னொரு கையெழுத்துக்கு இடம் இருக்கு. பெட்டக அறைக் காப்பாளர். அது காலியா இருக்கு."

அவன் சீட்டைப் பார்க்க முழங்காலில் முன்னால் நகர்ந்தான்.

"ரெண்டு பேர் கையெழுத்து இருந்தாத்தான் எரிக்க முடியும், இல்லையா? அவங்க தன் கையெழுத்தைப் போட்டுட்டு, உங்களுதுக்காகக் கூப்பிட்டிருக்காங்க. நீங்க போட்டிருந்தா சாயந்தரத்துக்குள்ள இது சாம்பல். புத்தகம் போலின்னு மட்டும் எழுதி வாங்க விடாம தடுத்திருப்பாங்க. யார் செஞ்சதுன்னு கடைசிவரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"பத்திரமா இருக்குன்னு சொன்னாங்க," என்றான் அவன், சின்னக் குரலில்.

"உங்களைத்தான் பத்திரமா வெச்சிருந்தாங்க."

"இன்னொரு தடவை படிங்க."

அண்ணி படிக்கவில்லை. சீட்டைப் பையோடு இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். காப்பாளன் வாயைத் திறந்தான். மூக்கிலிருந்து இறங்கிய ரத்தம் வாய்க்குள் போனது. அவன் துப்பவும் இல்லை.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. யாரோ இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார்கள். ரயில் எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டை, தூங்காத கண்கள், காப்பாளனுடைய அதே நெற்றி. அவரைப் பிடிக்க ஓடி வந்த காவலாளி படியின் நடுவிலேயே நின்றுவிட்டார்.

வந்தவர் போலீஸைப் பார்க்கவில்லை. அண்ணியையும் பார்க்கவில்லை. சுவரோரம் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்த தம்பியை மட்டும் பார்த்தார். ஓடி வந்து எதிரில் மண்டியிட்டார்.

"டேய்! என்னடா இது? யார்டா உன்னை இப்படி அடிச்சது?"

டிக்கெட் எழுந்து ஒரு அடி எடுத்து வைத்தான். எதையோ சொல்ல வாயெடுத்து, அண்ணியைப் பார்த்தான்.

அண்ணன்காரர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். ஒரு கையால் தம்பியின் தலையைத் தாங்கிக்கொண்டு, குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி மூக்கை மெல்லத் துடைத்தார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"நீ பேசாதே, வலிக்கும். உனக்கு ஒண்ணும் இல்லையே? அது போதும். அண்ணி எங்கடா? அவளை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க? எழுந்திரு, ரெண்டு பேரும் போகலாம். கையைக் குடு."

தம்பி கையைக் கொடுக்கவில்லை. அவர் குனிந்து, அவன் முதுகுக்குப் பின்னால் அந்தக் கைகளைத் தேடிப் போனார். விரல்களில் இரும்பு பட்டது.